பிதாகரஸ் விலக்கிய பயறு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கணிதப் பாடத்தில் வரும் பிதாகரஸ், தம் சீடர்கள் பீன்ஸ் உண்ணக் கூடாது என்று தடை விதித்திருந்தார் என்றும், சிலருடைய ரத்தத்தை அது கெடுக்கும் என்பதை அவர் அன்றே அறிந்திருந்தார் என்றும் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. இது எந்த அளவுக்கு உண்மை? (வாசகர், தஞ்சாவூர்)

தடை இருந்தது என்பதற்குப் பழைய சான்றுகள் பல உள்ளன. அதற்குக் காரணம் ரத்தக் கோளாறுதான் என்பது இருபதாம் நூற்றாண்டில் முன்வைக்கப்பட்ட ஓர் ஊகம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பது நல்லது.

முதலில், எந்தப் பயறு என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். இன்று நாம் பொரியல் செய்யும் பீன்ஸ் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். 1492க்குப் பிறகே அது ஐரோப்பாவுக்கும் பின்னர் நமக்கும் வந்தது. பிதாகரஸ் காலத்துக் கிரேக்கர்களும் இத்தாலியர்களும் அறிந்திருந்தது, வட இந்தியாவில் பாக்லா என்று அழைக்கப்படும் தட்டையான பெரிய பயறு. நம் அவரையும் மொச்சையும் வேறு செடியின் காய்கள். மத்தியதரைக் கடல் நாடுகளில் ஏழை எளியவர்களின் அன்றாட உணவாக இருந்த அந்தப் பாக்லாவைத்தான் பிதாகரஸ் விலக்கச் சொன்னதாகக் கூறுகிறார்கள்.

கி.மு. 570ஐ ஒட்டி சாமோஸ் தீவில் பிறந்து, ஏறத்தாழ நாற்பது வயதில் தென் இத்தாலியின் குரோட்டன் நகருக்குக் குடிபெயர்ந்து, அங்கே தம்மைச் சுற்றி ஒரு கட்டுப்பாடான குழுவை உருவாக்கிய அவர், தம் கைப்பட எழுதிய நூல் எதையும் விட்டுச் செல்லவில்லை. அவருக்குப் பின் ஒன்றரை நூற்றாண்டு கழித்து எழுதிய அரிஸ்டாட்டிலின் குறிப்புகள்கூட நேராக நம் கைக்கு வரவில்லை. பிற்கால ஆசிரியர்களின் மேற்கோள்கள் வழியாகவே வந்து சேர்ந்துள்ளன. ஆகவே, பிதாகரஸ் மனத்தில் இருந்த காரணம் இதுதான் என்று யாரேனும் உறுதியாகச் சொன்னால், எங்கிருந்து தெரிந்தது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

அந்தச் செய்தி குறிப்பிடும் நோய் உண்மையானதே. ஜி6பிடி என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒரு நொதி, ரத்தச் சிவப்பணுக்களை ஆக்சிஜனேற்றச் சிதைவிலிருந்து காக்கிறது. இந்த நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்கள் பாக்லாவை உண்டால், அதிலுள்ள வைசின், கான்வைசின் ஆகிய பொருள்கள் குடலில் சிதைந்து உண்டாக்கும் வேதிப்பொருள்களைச் சிவப்பணுக்களால் தாங்க முடிவதில்லை. ஓரிரு நாட்களில் அணுக்கள் உடைந்து, உடல் வெளிறி, கண் மஞ்சளாகி, சிறுநீர் கறுத்து வரும். உரிய நேரத்தில் கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம். இதற்குக் காரணமான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆண்களிடமே குறைபாடு மிகுதி. உலகில் சுமார் 40 கோடிப் பேருக்கு இது இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்புத் தருவதால், மலேரியா நெடுங்காலம் நிலவிய பகுதிகளில் இது பரவலாகத் தங்கிவிட்டது. தென் இத்தாலி, கிரேக்கம், சார்டினியா ஆகியவை அத்தகைய பகுதிகளே. பிதாகரஸ் வாழ்ந்த நிலமும் நோய் மிகுந்த நிலமும் ஒன்றாக இருப்பதால்தான் இந்த ஊகம் இவ்வளவு கவர்ச்சியாகத் தோன்றுகிறது.

எனினும் இதை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. கிரேக்க மருத்துவர்கள் உணவுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பைக் கவனிக்காதவர்கள் அல்லர். ஐனோஸ் என்ற ஊரில் பஞ்ச காலத்தில் இடைவிடாமல் பயறு வகைகளையே உண்டவர்களுக்குக் கால்கள் வலுவிழந்தன என்று ஹிப்போகிரேட்டஸ் பெயரில் வழங்கும் மருத்துவத் தொகுப்பில் ஒரு குறிப்பு உள்ளது. கேசரிப் பருப்பால் நம் நாட்டில் வந்த முடக்கத்தை அறிந்தவர்களுக்கு அது என்ன நோய் என்பது எளிதில் புரியும். அப்படிக் கூர்ந்து எழுதி வைத்தவர்கள், பாக்லா தின்ற சிறுவன் இரண்டு நாளில் மஞ்சள் பூத்துக் கறுத்த சிறுநீர் கழித்ததைப் பற்றித் தெளிவாக ஏதும் எழுதவில்லை.

மேலும், குறைபாடு உள்ள சிலருக்கு மட்டும் வரும் நோய்க்காக, குழுவிலிருந்த அனைவருக்கும் ஏன் தடை? உண்பதைத் தடுத்தால் போதுமே, செடியை மிதிப்பதற்கும் ஏன் அஞ்ச வேண்டும்? துரத்தி வந்த பகைவரிடமிருந்து ஓடிய பிதாகரஸ், எதிரே பாக்லா வயல் வந்ததும் அதை மிதிக்க மனமின்றி நின்று கொல்லப்பட்டார் என்று ஒரு கதை உண்டு. அவருடைய வழிவந்தவர்கள் சிலர், சிராக்யூஸ் மன்னன் டயோனிசியஸின் வீரர்களிடம் அவ்வாறே சிக்கி மாண்டதாக இன்னொரு கதை. இவை நடந்தவையா என்பது வேறு. இக்கதைகளைச் சொன்னவர்கள் அந்தச் செடியை உடல்நலக் கேடாகக் கருதவில்லை, தீண்டத் தகாத ஒன்றாகக் கருதினார்கள் என்பது மட்டும் தெளிவு.

கேள்வி: அப்படியானால் பழங்காலத்தவர்கள் என்ன காரணம் சொன்னார்கள்? (வாசகி, கோயம்புத்தூர்)

ஒன்றல்ல, பல. அரிஸ்டாட்டில் சொன்னதாக, பிற்காலத்தில் வரலாறு எழுதிய டயோஜனிஸ் லயர்டியஸ் ஒரு பட்டியலே தருகிறார்: பயறு பிறப்புறுப்பை ஒத்திருக்கிறது, அதன் தண்டில் கணு இல்லாததால் பாதாள உலகின் வாயிலை ஒத்திருக்கிறது, உடலுக்குக் கேடு செய்கிறது, பிரபஞ்சத்தின் இயல்பை ஒத்திருக்கிறது, பதவிக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குலுக்கலில் பயன்படுகிறது. ஏதென்ஸில் ஆட்சிமன்ற உறுப்பினர்களைப் பயறு எடுத்துத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் இருந்ததால், பயறை விலக்கு என்பதற்கு அரசியலை விலக்கு என்று பொருள் கொண்டவர்களும் இருந்தார்கள். அரிஸ்டாட்டில் காலத்திலேயே இத்தனை காரணங்கள் வழங்கின என்றால், உண்மைக் காரணம் அப்போதே மறந்துவிட்டது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

வயிற்றைக் காரணம் காட்டியவர் ரோமானியச் சிந்தனையாளர் சிசரோ. பயறு உண்டாக்கும் வாயு, உண்மையைத் தேடும் மனத்தின் அமைதியைக் குலைத்து, தூக்கத்தில் தெளிவான கனவு வராமல் செய்யும் என்பது அவர் தரும் விளக்கம். கனவின் வழியே தெய்வம் பேசும் என்று நம்பிய சமூகத்தில் இது சிறிய விஷயமன்று. கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் எழுதிய தத்துவ அறிஞர் போர்ஃபிரி, மனிதனும் பயறும் ஒரே ஆதிச் சேற்றிலிருந்து ஒன்றாகத் தோன்றியவை என்றும், பயறின் பூவை மண்பாண்டத்தில் இட்டு 90 நாள் புதைத்து வைத்தால் அது குழந்தையின் தலையைப் போல் உருமாறியிருக்கும் என்றும் எழுதினார். நாம் நம்புவதற்குரியது அல்ல என்றாலும், பயறு உண்பது மனிதனை உண்பதற்கு நிகர் என்ற அச்சம் எவ்வளவு ஆழமாக இருந்தது என்பதற்கு இது சான்று. பயறு தின்பதும் பெற்றோரின் தலையைத் தின்பதும் ஒன்றே என்று கிரேக்கப் புராணப் பாடகர் ஆர்ஃபியஸ் பெயரில் ஒரு வாசகமும் வழங்கியது.

இவற்றில் எனக்கு வலுவாகத் தோன்றுவது, இறந்தோருடன் பயறுக்கு இருந்த தொடர்பு. ஏனெனில் அது பிதாகரஸோடு நின்றுவிடவில்லை. அவரைக் குருவாகக் கொள்ளாத மக்களிடமும் காணப்படுகிறது. ரோமில் மே மாதத்தில் 9, 11, 13 ஆகிய தேதிகளின் இரவுகளில் லெமூரியா என்ற சடங்கு நடந்தது. நள்ளிரவில் வீட்டுத் தலைவன் வெறுங்காலுடன் எழுந்து, கை கழுவி, கறுப்புப் பயறுகளை முகம் திருப்பியபடியே எறிந்து, இவற்றைக் கொடுத்து என்னையும் என் குடும்பத்தையும் மீட்டுக்கொள்கிறேன் என்று ஒன்பது முறை சொல்வான் என்றும், வீட்டில் உலவும் ஆவிகள் பின்னால் வந்து அவற்றைப் பொறுக்கிக்கொள்ளும் என்று நம்பினார்கள் என்றும் கவிஞர் ஓவிட் விவரிக்கிறார். அதே ரோமில், சாவின் தீட்டு சிறிதும் படாமல் வாழ வேண்டிய ஜூபிட்டரின் தலைமைப் பூசாரி, பயறைத் தொடவும் கூடாது, அதன் பெயரை உச்சரிக்கவும் கூடாது. பயறில் இறந்தோரின் உயிர் உறைகிறது என்ற நம்பிக்கையையும், அதன் பூவில் துக்கத்தின் எழுத்துகள் தெரிகின்றன என்ற கருத்தையும் ரோமானிய எழுத்தாளர் பிளினி பதிவு செய்திருக்கிறார். பாக்லாவின் வெள்ளைப் பூவிதழில் கரும்புள்ளி இருப்பது உண்மை. அதைப் பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றியதில் வியப்பில்லை. எகிப்தியப் பூசாரிகள் பயறைக் கண்ணால் பார்க்கவும் பொறுக்க மாட்டார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதினார். கிரேக்கத்தின் எலியூசிஸ் என்ற ஊரில் டிமீட்டர் தேவியின் மறைச் சடங்கில் சேர்பவர்களுக்கும் பயறு விலக்கு.

இத்தகைய உலகில், உயிர் ஓர் உடலை விட்டு இன்னோர் உடலுக்குச் செல்கிறது என்று போதித்த ஆசான் பிதாகரஸ். அவர் அப்படிப் போதித்தார் என்பதற்கு, அவருடைய சமகாலத்தவரான செனோஃபனிஸின் கவிதை சான்றாகிறது. அடிபட்ட நாய்க்குட்டியின் குரலைக் கேட்ட பிதாகரஸ், நிறுத்து, இது என் நண்பனின் உயிர், குரலைக் கேட்டு அறிந்துகொண்டேன் என்று சொன்னதாக அதில் வருகிறது. நாயின் உடலில் நண்பன் இருக்கக்கூடும் என்று எண்ணிய ஒருவர், இறந்தோரின் உயிர் தங்குவதாக ஊரெல்லாம் நம்பிய பயறை உண்ணத் தயங்கியிருந்தால், அதற்கு வேறு காரணம் தேட வேண்டிய தேவை குறைகிறது. கணுவில்லாத தண்டு பாதாளத்தின் வாயிலை ஒத்தது என்று அரிஸ்டாட்டில் பட்டியலில் வருவதும் இந்த எண்ணத்தோடு பொருந்துகிறது.

முற்றிலும் மறுத்தவர் ஒருவரும் உண்டு. கி.மு. நான்காம் நூற்றாண்டில் பிதாகரஸ் வழிவந்தவர்களோடு நேரில் பழகிய அரிஸ்டோக்சினஸ், பிதாகரஸ் எல்லாக் காய்களையும்விடப் பயறையே விரும்பி உண்டார் என்றும், அது வயிற்றை இளக்கும் என்பதே அதற்குக் காரணம் என்றும் எழுதினார். தம் காலத்து அறிஞர்கள் நகைத்த பழக்கத்திலிருந்து ஆசானைக் காப்பாற்றும் ஆர்வம் அதில் இருந்திருக்கலாம் என்று கருதுகிறேன். ஆனாலும் அவரை ஒதுக்கிவிட்டுப் பேசுவது முறையாகாது.

கேள்வி: பிதாகரஸ் முழுச் சைவமா? (வாசகர், திருநெல்வேலி)

பிற்காலம் அவரை அப்படித்தான் நினைவில் வைத்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஐரோப்பாவில் புலால் இல்லாத உணவுக்குப் பிதாகரஸ் உணவு என்றே பெயர். ஆனால் பழைய சான்றுகள் முரண்படுகின்றன. இதயம், கருப்பை போன்ற சில உறுப்புகளையும் சில கடல் உயிரினங்களையும் மட்டுமே அவர்கள் விலக்கினார்கள் என்பது அரிஸ்டாட்டில் கூற்று. உழவு மாட்டையும் செம்மறிக் கடாவையும் மட்டும் விலக்கினார் என்பது அரிஸ்டோக்சினஸ் கூற்று. பெரும் இறைச்சி உண்பவர் என்று பெயர்பெற்ற குரோட்டன் மல்லர் மைலோவையும் அக்குழுவோடு தொடர்புபடுத்திச் சொல்வார்கள். உயிர்க்கொலையைக் கடுமையாகக் கண்டித்தவர், அடுத்த தலைமுறையில் சிசிலியில் வாழ்ந்த எம்பெடோக்ளிஸ். பலியிடப்படும் விலங்கின் உடலில் தன் மகனே இருப்பதை அறியாமல் தந்தை கத்தியை ஓங்குகிறான் என்று அவர் பாடிய வரிகளைப் படித்தால், மறுபிறப்பு நம்பிக்கை உணவுத்தட்டை எவ்வளவு கலங்கச் செய்யும் என்பது தெரியும். பயறிலிருந்து கைகளை விலக்குங்கள் என்று கதறும் ஒரு வரியும் அவர் பெயரில் வழங்குகிறது.

கேள்வி: இவையெல்லாம் நம் நாட்டிலிருந்து அவர் கற்றுக்கொண்டவை என்று சொல்கிறார்களே? (வாசகி, யாழ்ப்பாணம்)

இந்தக் கருத்தை 1884இல் லியோபோல்ட் வான் ஷ்ரோடர் என்ற ஆய்வாளர் விரிவாக எடுத்துரைத்தார். மறுபிறப்பு, புலால் விலக்கு ஆகியவற்றோடு பயறு விலக்கையும் அவர் சான்றாகக் காட்டினார். யஜுர்வேத மரபின் நூல்களில், வேள்விக்கு ஆகாதது என்ற காரணத்தால் உளுந்தை உண்ணலாகாது என்று கூறும் இடம் இருக்கிறது. மறுபக்கத்தில், மூதாதையரைத் திருப்தி செய்யும் பொருள்களாக எள், அரிசி, யவம் (பார்லி) ஆகியவற்றோடு உளுந்தையும் மனுஸ்மிருதி குறிப்பிடுகிறது. திதி நாளில் உளுந்து வடை இடம்பெறுவதை நம் வீடுகளில் இன்றும் காண்கிறோம். தேவர்க்கு ஆகாத கரும்பயறு பிதிரர்க்கு உகந்ததாக இருப்பதும், ஜூபிட்டரின் பூசாரி தொடக்கூடாத கரும்பயறு ரோமில் ஆவிகளுக்கு எறியப்படுவதும் வியக்கத்தக்க ஒற்றுமை.

ஆனால் ஒற்றுமை இருப்பதாலேயே ஒருவர் மற்றவரிடம் கற்றார் என்று ஆகிவிடாது. பிதாகரஸ் இந்தியா வந்ததாகச் சொல்லும் செய்திகள் அவர் இறந்து பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு எழுதப்பட்டவை. அவர் காலத்திலோ அதை அடுத்தோ எழுதியவர்களிடம் அப்படி ஒரு சொல்லும் இல்லை. ரோமானியர்களின் லெமூரியாவையும் எகிப்தியப் பூசாரிகளின் அருவருப்பையும் இந்தியாவிலிருந்து வந்தவை என்று சொல்ல முடியாதபோது, பிதாகரஸுக்கு மட்டும் அந்த வழி எதற்கு? நம் மரபின் மீது மதிப்பு உள்ளவர்கள், சான்றில்லாத பெருமையை அதன் மேல் ஏற்றாமல் இருப்பதே அதற்குச் செய்யும் மரியாதை என்று நம்புகிறேன்.

கேள்வி: அறிவையே வழிபட்டவர்கள் என்று சொல்லப்படும் குழுவில், காரணம் சொல்லாமல் கட்டளையிடுவது முரண்பாடாகத் தெரியவில்லையா? (கல்லூரி மாணவி, மதுரை)

மிகச் சரியான கேள்வி. இது அவர்களுக்குள்ளேயே எழுந்த கேள்வியும்கூட. பிதாகரஸின் வாய்மொழிகளாக வழங்கியவை சிறு சிறு கட்டளைகள்: மேசையிலிருந்து கீழே விழுந்ததை எடுத்து உண்ணாதே, ரொட்டியைப் பிட்காதே, இதயத்தை உண்ணாதே, வெள்ளைச் சேவலைத் தொடாதே, தீயைக் கத்தியால் கிளறாதே. கேட்டவற்றைக் கேட்டபடியே கடைப்பிடிப்பவர்கள் ஒரு பிரிவாகவும், கணிதத்தையும் காரணத்தையும் நாடுபவர்கள் இன்னொரு பிரிவாகவும் பின்னாளில் அக்குழு பிளந்தது. கட்டளைகளுக்குக் காரணம் தேடுவது அப்போதே தொடங்கிவிட்டது. கீழே விழுந்ததை எடுக்காதே என்பதற்கு, அளவுக்கு மீறி உண்ணாமல் பழகுவதற்காக என்றார்கள் சிலர். கீழே விழுந்தவை இறந்த வீரர்களுக்கு உரியவை என்பது வேறொரு பழைய விளக்கம். முதலாவது ஒழுக்க நூல் எழுதுபவரின் குரல்; இரண்டாவது ஊர்ப் பாட்டியின் குரல். காலத்தால் எது முந்தியிருக்கும் என்று கேட்டால், நான் பாட்டியின் பக்கம் நிற்பேன்.

காரணம் சொல்லாத விலக்கு ஒரு வேலையைச் செய்கிறது. குரோட்டனில் ஒருவன் பயறு நிறைந்த கிண்ணத்தை ஒதுக்கிவைத்தால், அவன் யாரைச் சேர்ந்தவன் என்பது அந்த விருந்தில் உள்ள அனைவருக்கும் தெரிந்துவிடும். எல்லோரும் ஏற்கும் காரணம் இருந்துவிட்டால் எல்லோருமே ஒதுக்கிவிடுவார்கள், அடையாளம் போய்விடும். ஒவ்வொரு வேளையும் தன்னைக் கவனித்து உண்ணும் பயிற்சியும் அதில் இருக்கிறது. இவை அந்த விலக்கு எவ்வாறு தோன்றியது என்பதைச் சொல்லவில்லை. தோன்றிய பின் ஏன் நிலைத்தது என்பதைச் சொல்கின்றன. இந்த இரண்டு கேள்விகளையும் குழப்பிக்கொள்வதால்தான் பெரும்பாலான வாதங்கள் முடிவில்லாமல் போகின்றன.

காரணத்தை வெளிப்படையாக முன்வைத்துப் பேசும் வேறொரு வகையும் உண்டு. திருக்குறளின் புலான்மறுத்தல் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தன் ஊன் பெருக்கப் பிறிதின் ஊன் உண்பவன் எவ்வாறு அருளாள முடியும் என்று வள்ளுவர் கேட்கிறார். நான் கொல்லவில்லை, விற்பதை வாங்கித்தான் உண்கிறேன் என்று தப்பிக்க நினைப்பவனுக்கும், தின்பதற்காக வாங்குபவர் இல்லையென்றால் விற்பவரும் இருக்க மாட்டார் என்று பதில் தருகிறார். ஏற்பவர் ஏற்கலாம், மறுப்பவர் காரணம் காட்டி மறுக்கலாம். பயறு விலக்கில் அதற்கு இடமே இல்லை. நம்புகிறவன் விலக்குவான், நம்பாதவனோடு பேச அங்கே எதுவும் இல்லை. முன்னோர் சொன்ன எல்லாவற்றுக்கும் உள்ளே ஒரு மருத்துவக் காரணம் மறைந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில், அவர்கள் எதற்கு அஞ்சினார்கள், இறந்தவர்களை எவ்வாறு நினைத்தார்கள் என்பதைக் கேட்காமலே போய்விடும் இழப்பு இருக்கிறது. அந்த இழப்பே என்னை வருத்துகிறது.

கேள்வி: என் ஐந்து வயது மகனுக்கு ஜி6பிடி குறைபாடு இருப்பதாகச் சோதனையில் தெரிந்தது. அவரை, மொச்சை, உளுந்து எல்லாவற்றையும் நிறுத்திவிட வேண்டுமா? (வாசகி, சென்னை)

இந்த நோயை உண்டாக்குவதாக உறுதியாக அறியப்பட்ட பயறு பாக்லா ஒன்றே. மற்ற பயறு வகைகளில் வைசினும் கான்வைசினும் அந்த அளவில் இல்லை என்பதால், வளரும் பிள்ளைக்குப் புரதம் தரும் உளுந்தையும் மொச்சையையும் பயத்தின் பேரில் நிறுத்த வேண்டியதில்லை. எனினும், மகனின் குறைபாடு எந்த அளவில் உள்ளது என்பதை அறிந்த மருத்துவரிடம் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பாக்லாவைப் பச்சையாகவோ, வேகவைத்தோ, வறுத்தோ, எந்த வடிவிலும் கொடுக்க வேண்டாம். உறவினர்கள் வளைகுடா நாடுகளில் இருந்தால் கவனம் கூடுதலாக வேண்டும்: அங்கே காலை உணவாக வழங்கும் ஃபூல் என்பது இந்தப் பயறை வேகவைத்து மசித்ததே, வறுத்து உப்பிட்ட பொட்டலங்களாகவும் அது ஊருக்கு வருகிறது.

உணவைவிட மருந்துகளில் எச்சரிக்கை அதிகம் தேவை. 1956இல் இந்தக் குறைபாடு கண்டறியப்பட்டதே, மலேரியாவுக்குத் தரும் பிரைமாகுவின் மருந்து சிலருக்கு மட்டும் ரத்த அணுக்களை உடைத்தது ஏன் என்று தேடியபோதுதான். தொழுநோய்க்குத் தரும் டாப்சோன் போன்ற வேறு சில மருந்துகளும் அதே கேட்டைச் செய்யும். துணிகளுக்கு இடையே வைக்கும் பாச்சை உருண்டைகளில் நாப்தலின் இருக்கும் என்பதால், அவற்றை வீட்டில் வைக்காதீர்கள். காய்ச்சல், தொற்று போன்றவையும் அணுக்கள் உடைவதைத் தூண்டலாம். மகன் திடீரென்று வெளிறினாலோ, கண் மஞ்சளானாலோ, சிறுநீர் தேநீர் நிறத்தில் போனாலோ, நேரம் கடத்தாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். போனவுடன் முதல் வார்த்தையாகக் குறைபாட்டின் பெயரைச் சொல்லுங்கள். அதைச் சீட்டில் எழுதிப் பள்ளியிலும் ஒரு படி கொடுத்து வையுங்கள்.